திருப்பி அனுப்பும் சபை

பாலேஸ்வரி அன்ரி இந்த முறையும் பிரேரணையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் யாப்பை, அதாவது சட்டவிதிகளை, எழுதியவர்கள் ஒட்டாவா பாராளுமன்றத்தைப் பார்த்து எழுதினார்கள். ரொறன்ரோவில் முந்நூறு பேருள்ள சங்கத்துக்கு இரண்டு சபை. செலவுப் பிரேரணை நிர்வாக சபையில்தான் தொடங்க வேண்டும். மூத்தவர்கள் மூன்று பேர் நியமனத்தில் இருக்கும் போசகர் சபை அதில் ஒரு டொலரைக்கூடக் கூட்ட முடியாது. ஆனால் வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம்.

அந்தப் போசகர் சபைக்குத்தான் அன்ரி தலைவி.

கலைவிழாவுக்குச் சென்னையிலிருந்து பாடகரைக் கூப்பிட வேண்டும் என்று யூட்சன் கொண்டுவந்த பிரேரணை, நிர்வாக சபையில் ஏகமனதாக நிறைவேறியது. சங்கத் தலைவர் வினோதன்கூடக் கை தட்டினார்.

அன்ரி இரண்டே வரி எழுதினார். சங்கத்தில் இருப்பது ஊர்ப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் கூரைக்காகச் சேர்த்த காசு. முதலில் கூரை முடியட்டும்.

வட்ஸ்அப் குழு கொதித்தது. கஞ்சப் பிசினாறி என்றார்கள். மகளின் கலியாணத்துக்கு மட்டும் பெரிய மண்டபம் எடுத்தவராம் என்று ஒருவர் கிளப்பினார். நானும் என் பங்குக்கு ஒரு கோப முகம் போட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஸ்காபரோவில் பொதுக்கூட்டம். போசகர் சபையையே கலைக்க வேண்டும் என்றான் யூட்சன்.

"நாங்கள் தெரிவுசெய்த ஆக்கள் ஓமெண்டு சொல்ல, தெரிவுசெய்யாத மூண்டு பேர் மறிக்கிறதோ?"

நியாயமான கேள்விதான். கைகள் உயர்ந்தன. என் கையும், வினோதனின் கையும் அதில் இருந்தன. போசகர் சபை அத்தோடு கலைந்தது. அன்ரி மேசையில் கிடந்த தேத்தண்ணிக் கப்புகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

என் வீடும் அன்ரியின் வீடு இருக்கும் ரூஜ் பக்கம்தான். அன்றைக்கு என் கார் திருத்தத்துக்குக் கராஜில். அதைக் கேள்விப்பட்டு அன்ரியே என்னை ஏற்றிக்கொண்டார். வெட்கமாக இருந்தது எனக்கு.

ஷெப்பர்ட் சிக்னலில் நிற்கும்போது கார் ஸ்பீக்கரில் போன் அடித்தது. வினோதன்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. எல்லாரும் கை தூக்கேக்க நான் எப்பிடித் தூக்காமல் இருக்கிறது?"

"தம்பி, காருக்குள்ள ஆள்..."

அவர் கேட்டால்தானே.

"கூரைக் காசைத் தொடக்கூடாதெண்டு எனக்கும் தெரியும். நான் வேண்டாமெண்டு சொன்னால் அடுத்த தெரிவில என்னைத் தூக்கிப்போடுவாங்கள். அதாலதானே ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் போன் எடுத்து, திருப்பி அனுப்புங்கோ எண்டு கெஞ்சினனான்."

அன்ரி என்னைப் பார்க்காமல் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே யூட்சன் அந்தப் பிரேரணையைத் திரும்பக் கொண்டுவாறானாம். இனி நான் ஆருக்கு அன்ரி போன் எடுக்கிறது?"