காலைப் பிடிக்க ஓர் ஆள்

"அவ எதுக்கு வந்திருக்காளாம்?"

ராஜாத்தி இதைக் கேட்டது ஸ்கேன் சென்டர் சுவரைப் பார்த்து. பதில் சொல்ல வேண்டிய அன்னத்தாய் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கார்ல இடம் இருந்துச்சு, வந்தேன்னு சொல்லுங்க மச்சான்."

"இடம் இருந்துச்சாம்" என்றார், நடுவில் மாட்டிக்கொண்டிருந்த ராஜாத்தியின் வீட்டுக்காரர் வேல்பாண்டி.

"நான் பொழைப்பேனா மாட்டேனான்னு வேடிக்கை பார்க்க வந்தவளுக்குக் கார் கேக்குதான்னு கேளுங்க."

வேல்பாண்டி கேட்கவில்லை. கேட்காமலே அன்னத்தாய் காதில் விழுந்துவிட்டது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு காமயகவுண்டன்பட்டியில் ஒரே திராட்சைத் தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள். ஒரு காதுகுத்து விருந்தில் ராஜாத்தி இலைக்கு மட்டும் அன்னத்தாய் உப்பு வைக்காமல் போய்விட்டாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அதாவது நேரடியாகக் கிடையாது. நடுவில் ஓர் ஆள் சிக்கினால் நாள் முழுக்கப் பேசுவார்கள்.

போன மாதம் ராஜாத்தி திராட்சைப் பந்தலுக்கு அடியில் வலிப்பு வந்து விழுந்தாள். தலைக்குள் என்ன என்று பார்க்காமல் மருந்து எழுத முடியாது, எம்ஆர்ஐ எடுத்து வாங்க என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் போன இடத்தில் தலை குழாய்க்குள் நுழைந்ததுதான் தாமதம், "என்னையக் குழிக்குள்ள எறக்குறாக" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடிவந்துவிட்டாள். எடுத்தவரைக்குமான படமும் ஆட்டத்தில் கலங்கிப்போயிருந்தது. தேனியில் புது மிஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இங்கே வந்தார்கள்.

மிஷினை இயக்கும் சாஜிதா வெளியே வந்தாள்.

"பயப்படாதீகம்மா. இது வாய் அகலமான மிஷின். சத்தமும் கம்மி, நேரமும் கம்மி. போயி உடுப்பு மாத்திட்டு வாங்க."

ராஜாத்தி உள்ளே போனதும் சாஜிதா வேல்பாண்டியிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தத் தடவையும் எந்திரிச்சுட்டாகன்னா, மதுரைக்குப் போயி மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்ண்ணே. வலிப்பு வந்தவுகளுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்ல. யாராச்சும் உள்ள வந்து அவுக காலைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். தைரியமாப் படுத்திருப்பாக."

வேல்பாண்டி எழுந்தார்.

"ஒடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்கா?"

"கால்ல ப்ளேட் வச்சிருக்கு. டிராக்டர் கவுந்ததுல."

"மிஷின் முழுக்கக் காந்தம்ண்ணே. என்ன ப்ளேட்டுன்னு தெரியாம உங்களை உள்ள விடமுடியாது."

மிச்சம் இருந்தது அன்னத்தாய்தான்.

"அவ காலை நான் பிடிக்கணுமா?" என்றாள் அன்னத்தாய். "அதுக்குத்தான அவ இத்தன வருசமாக் காத்துக்கிட்டிருக்கா."

வேல்பாண்டிக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். அதற்குள் அவள் வளையலையும் தோட்டையும் கழற்றி சாஜிதாவின் மேசையில் வைத்துவிட்டாள்.

"கழுத்துல கெடக்கதையுமா?"

"அதையும்தான்மா."

சாஜிதா இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறாள். அன்னத்தாய் அதைக் கட்டிக்கொண்டு, தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி, மற்றதோடு வைத்தாள்.

"நாந்தான்னு அவளுக்குத் தெரியக்கூடாது. நர்சுன்னு சொல்லு."

ராஜாத்தியைப் படுக்கவைத்து, தலையைச் சுற்றிக் கூடு மாட்டி, சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள் சாஜிதா.

"முடியலைன்னா இதை அமுக்குங்க. உடனே நிறுத்திருவேன்."

கால் பக்கம் இரண்டு கைகள் வந்து பாதத்தைப் பிடித்தன.

"யாருத்தா அது?"

"நர்சும்மா" என்றாள் சாஜிதா.

"நர்சு கை இம்புட்டுச் சொரசொரப்பாவா இருக்கும்?"

"பழைய நர்சும்மா."

சாஜிதா கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் வேல்பாண்டி. மிஷின் தட்ட ஆரம்பித்தது. ராஜாத்தி அசையவில்லை. முதல் படம் துளிக் கலக்கம் இல்லாமல் திரையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

அன்னத்தாய் பிடித்த பிடியை விடாமல் நின்றாள். ஏசிக் குளிரில் ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்றாள்.

"நல்லா விழுகுதுண்ணே. டாக்டர் கேட்டது அத்தனையும் தெரியும். இன்னும் ரெண்டே படம்தான்."

வேல்பாண்டி குலசாமியைக் கூப்பிட வாயெடுத்தார். மணி அடித்துவிட்டது. ராஜாத்தி பந்தை அமுக்கியிருந்தாள்.

"போச்சு" என்றார் வேல்பாண்டி. "எந்திரிக்கப் போறா."

சாஜிதா மிஷினை நிறுத்திவிட்டு மைக்கைப் போட்டாள்.

"என்னம்மா, மூச்சு முட்டுதா? வெளிய எடுத்துரவா?"

ஸ்பீக்கரில் ராஜாத்தியின் குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லத்தா. மூஞ்சிக்கு மேல சின்னதா ஒரு கண்ணாடி மாட்டியிருக்கியே, அதுல கால்மாடு வரைக்கும் நல்லாத் தெரியுது. உங்க பழைய நர்சுக்கு முட்டிவலி. எம்புட்டு நேரமா நிக்கிறா. இரும்பு ஆகாதுன்னா பிளாஸ்டிக் சேராச்சும் போட்டு உக்காரச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."