இருபத்தேழு அடி

“ரெண்டு கிலோ கருவிய வச்சா படகு முழுகிடாதா தம்பி?”

“முழுகாதுக்கா.”

“முழுகக் கூடாது. பெரியண்ணனத்தான் முழுகடிக்கணும்” என்றாள் ரஞ்சிதா.

திருக்கோகர்ணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் வெற்றிசெல்வன். பேப்பரில் அவள் மகளைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு அவனாகத்தான் தேடி வந்தான். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் ரிமோட் படகு செய்யக் கற்றுக்கொடுக்கிறான். தெர்மாகோலை அறுத்தது, ஃபைபர் பூசியது, மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் கிரீஸ் அடைத்தது எல்லாம் அவள் கைதான்.

அன்னவாசல் பக்கத்துக் கண்மாயில் மூன்றடிக்கு மண் அள்ள அனுமதி வாங்கிய காண்ட்ராக்டர் பெரியண்ணன், நடுவில் கிணற்று ஆழத்துக்குத் தோண்டிவிட்டுப் போனார். மழைக்குப் பிறகு, இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று நம்பி அல்லி பறிக்க இறங்கிய மகள் தேவிப்ரியா அந்தக் குழியில் மூழ்கிப் போய்விட்டாள்.

“தண்ணி வத்தட்டும்மா, அளந்து பாக்கலாம்” என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வற்றியதும் முதல் வேலையாகப் பெரியண்ணன் குழியை மூடிவிடுவார் என்பது ஊருக்கே தெரியும்.

“தோண்டச் சொன்னவன், தோண்டுனவன், ரெண்டு பேரையும் ஜெயில்ல பாக்கணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது.”

வெற்றிசெல்வன் தலை நிமிராமல் ஸ்க்ரூவை முடுக்கினான். “பாக்கலாங்க்கா.”

கலெக்டரிடம் நான்கு முறை மனு கொடுத்த பிறகு, ஒரு காலையில் தாசில்தார் கண்மாய்க் கரைக்கு வந்தார். பெரியண்ணனும் வந்திருந்தார். படகைப் பார்த்துச் சிரித்தார்.

ரஞ்சிதா ரிமோட்டைப் பிடித்தாள். படகின் வயிற்றில் ஆழம் பார்க்கும் கருவி. அது காட்டும் எண் தாசில்தார் கையிலிருந்த போனில் ஓடியது. மூன்றடி. மூன்றரை. மூன்று.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் குந்தியிருந்த வெற்றிசெல்வன் மெதுவாகச் சொன்னான். “அங்கிட்டு இல்லக்கா, இங்கிட்டுத் திருப்புங்க. அந்தக் கருவேலத்துக்கு நேரா.”

படகு திரும்பியது. தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இருபத்தேழு அடி” என்று எழுதிக்கொண்டார்.

பெரியண்ணன் அசரவில்லை.

“குழி இருக்குங்க சார், இல்லேங்கல. அது எந்தக் காலத்துப் பள்ளமோ? நான் தோண்டுனேன்னு சொல்ல ஒரு சாட்சி இருக்கானா?”

தாசில்தார் ரஞ்சிதாவைப் பார்த்தார்.

வெற்றிசெல்வன் துண்டை உருவிக்கொண்டு எழுந்தான். பெரியண்ணன் முகம் வெளிறிப்போனது. அவரைத் தாண்டி தாசில்தார் முன்னால் போய் நின்றான்.

“எழுதிக்கங்க சார். பொக்லைன் ஓட்டுனது நாந்தான்.”