திருடனுக்குப் பிடித்த ஓவியங்கள்

திருட்டு தெரியவந்த காலையில் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சுங்கத் துறையில் பொருள்களுக்கு மதிப்புப் போடும் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற மாமனார். அவருடைய ஒரே மகன். ஓவியம் வரையும் மருமகள். முதல் பேருந்தில் வந்து இறங்கியிருந்த சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா. புகார் எழுத வந்த போலீஸ்காரர். வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

சம்பந்தி வந்தது திருட்டு விசாரிக்க அல்ல. அவர் மகள் விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, சொந்தமாகப் படம் வரைந்து விற்கிறேன் என்று கிளம்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. விற்ற படங்களைவிட, "நம்ம பொண்ணுதானே" என்று உறவினர்கள் சும்மா தூக்கிப்போன படங்கள் அதிகம். அன்றோடு அதற்கு ஒரு முடிவு கட்டி, அவளைப் பழைய வேலைக்கே அனுப்பிவைக்கத்தான் அவர் வந்திருந்தார். மாமனாருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. தம் வீட்டு மருமகள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவது அவருடைய விறைத்த முதுகுக்கு ஒத்துவரவில்லை.

"என்னென்ன போச்சு?" என்றார் போலீஸ்காரர்.

மாமனார்தான் பதில் சொன்னார். வீட்டில் முதலில் எழுந்தவர் அவர். உடைந்த பின்கதவை முதலில் பார்த்தவரும் அவர்.

"குக்கர், இஸ்திரிப் பெட்டி, பையனோட ஷூ, பாதி தீந்த டீத்தூள் டப்பா. அப்புறம்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மருமக வரைஞ்ச நாலு ஓவியம்."

மருமகள் முன்னறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். சுவரோரம் காலியாக இருந்தது.

"நிஜமாவா மாமா? என் படத்தையா?" என்றாள். குரலில் துக்கத்தைவிட வேறு எதுவோதான் அதிகம் இருந்தது.

"மதிப்பு எவ்வளவு போடலாம்?" போலீஸ்காரர் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"துணி, பெயின்ட் வாங்கின செலவுதான் சார். பெருசா ஒண்ணும்..."

"நீ சும்மா இரும்மா" என்றார் மாமனார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பொருளுக்கு விலை போட்ட மனிதர் அல்லவா! நிமிர்ந்து உட்கார்ந்து, கண் இமைக்காமல் ஒரு தொகையைச் சொன்னார்.

பேனா நின்றது. "நாலுக்கும் சேத்தா சார்?"

"ஒவ்வொண்ணுக்கும்."

சம்பந்திக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. "அவ்வளவா போகும் சம்பந்தி?"

"பின்ன? குக்கருக்கு ஒரு விலை இருக்கும்போது உங்க பொண்ணு கைக்கு இல்லையா?"

வந்த விஷயத்தைச் சம்பந்தி பேசவே இல்லை. அடுத்த பேருந்தில் கிளம்பும்போது மகளிடம், "வேலைய விட்றாதம்மா" என்றார். எந்த வேலை என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

செய்தித்தாளின் உள்பக்க மூலையில், அந்தத் தொகையோடு விஷயம் வெளியானது. அதுவரை யாரும் கூப்பிடாத தொலைபேசி அலறத் தொடங்கியது. "திருடன் தேடிவந்து எடுத்த படமாமே! அதே கை வரைஞ்சது இன்னும் இருக்கா?"

பதில் சொல்லும் பொறுப்பை மாமனார் ஏற்றுக்கொண்டார். விலை குறைக்கச் சொன்னவர்களிடம், "திருடனே பேரம் பேசலீங்க" என்றார். சும்மா கேட்ட உறவினர்களிடம், "காசு குடுக்காம எடுத்துட்டுப் போனவன் மேல கேஸ் போட்டிருக்கோம்" என்றார். வருகிறவர்களிடமெல்லாம், "கலை எங்க குடும்ப ரத்தத்துலயே ஊறினது" என்று பெருமை வேறு. மருமகள் வேறு வீட்டில் பிறந்தவள் என்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

மருமகளும் விவரமானாள். புகாரில் எழுதிய விலையிலிருந்து இறங்கவில்லை. முன்பணம் வராமல் தூரிகையைத் தொடவில்லை. பெரிய படம் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சின்ன அளவில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு விற்றாள். ஒருமுறை வாங்கியவர்களை மறக்காமல், புதுப் படம் முடிந்ததும் முதலில் அவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் மறுபடியும் வந்தார்கள். வீட்டுச் செலவில் பாதி அவள் கையிலிருந்து வர ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத் திருடன் சிக்கினான், குக்கரும் கையுமாக.

"படம் எங்கடா?"

"படமா? அத வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?"

அந்த ஒரு கேள்வி தெருவெங்கும் பரவியது. விளம்பரத்துக்காக மருமகளே படங்களை ஒளித்து வைத்துத் திருட்டு நாடகம் ஆடினாள் என்று வாய் கூசாமல் பேசினார்கள். முன்பணம் கொடுத்த இரண்டு பேர் திருப்பிக் கேட்டார்கள். பேச்சு இன்னும் நீண்டால், அவள் தொழிலை மூட்டை கட்டிவிட்டுப் பழைய ஆபீஸ் படியேற வேண்டியதுதான்.

அந்தப் பேச்சு முழுப் பொய்.

திருடன் அந்த நான்கு ஓவியங்களின் மேல் போர்த்தியிருந்த பழைய துணியை மட்டும் உருவி, அதில் குக்கரை மூட்டை கட்டிக்கொண்டு, படங்களை அலுங்காமல் சுவரோரமே விட்டுப் போயிருந்தான். சம்பந்தியின் கண்ணில் அந்த அவமானம் படுவதற்குள் அவற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளி மறைத்தவர் மாமனார், அதாவது நான்.