பேக்ஸ்லாஷ் பாடம்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து வீட்டில், கணக்கு வாத்தியார் திருச்செல்வம் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டாலே மனைவி மலர் கதவருகே வந்து நிற்பாள்.

"மௌஸ்ல க்ளிக் பண்ணாலே கணக்குச் சூத்திரம் வருதே. எதுக்கு அதையெல்லாம் பேக்ஸ்லாஷ் போட்டுக் கம்ப்யூட்டர் கோடா எழுதி மனப்பாடம் பண்றீங்க?"

"கத்துக்கணும்லா!" உள்ளிருந்து குரல் வந்தது.

இவ்வளவு அவசரமாகக் கற்கிறாரே, பள்ளி வேலைக்கு ஆபத்தோ என்ற பயத்தில் மலர் கதவைத் திறந்தாள். அவர் கண்களை இறுக மூடியபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"டாக்டர் கைய விரிச்சிட்டாரு மலர். சீக்கிரமே பார்வை போயிடுமாம். அப்புறம் மௌஸ் உதவாது. கோடுன்னா விரலாலயே எழுதிடலாம், கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும்."

மலர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"கண்ணைத் திறக்காதீங்க," என்றாள். "நீங்க தட்டினத நானே படிச்சுக் காட்டறேன். தப்பு எங்கன்னு சொல்லுங்க."