காலி கேலரியில் தொண்ணூற்றாறு

நான் கம்பெனியில் சேஃப்டி பிரிவு. பிரஸ் ஷாப்பின் இரைச்சலை அளப்பது என் வேலை. ஆறு நாள் அளந்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் மீட்டரை உள்ளரங்கத்துக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். போன வருடக் கபடியில் எங்கள் ஆட்கள் போட்ட கூச்சலில் எதுவுமே கேட்கவில்லை என்று அத்திப்பள்ளி அணி புகார் கொடுத்திருந்தது. இந்த முறை எண்பத்தைந்து டெசிபலைத் தாண்டினால் கோப்பை அவர்களுக்கு. அதற்குப் பயந்து நிர்வாகம், கூச்சல் போட்ட பி ஷிஃப்ட் முழுவதையும் ஃபேக்டரியிலேயே ஓவர்டைமில் நிறுத்திவிட்டது.

கேலரியில் ஒருவரும் இல்லை. மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது.

"பேட்டரிய மாத்திப் பாரும்மா" என்றார் நடுவர்.

மாற்றினேன். தொண்ணூற்றாறு. அவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "இத எழுத வேணாம், வுடு" என்றார்.

கடைசி ரெய்டில் அத்திப்பள்ளிக்காரன் பிடிபட்டான். திரும்பி வரச்சொல்லி அவன் ஆட்கள் கத்தியது அவன் காதில் விழவில்லையாம். "கேளிஸ்லில்ல சார்" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு புள்ளியில் நாங்கள் வென்றோம்.

மீட்டரை வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போனேன். பி ஷிஃப்டுக்கு டீ இடைவேளை விட்டிருந்தார்கள். செல்போன் இல்லாமல், காதடைப்பான் போட்டு, காலையிலிருந்து வாய் திறக்காமல் வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஃபக்ருதீன் தொண்டையைப் பிடித்தபடி வந்தான்.

"சுடுதண்ணி இருக்குதாக்கா? ஒருத்தனுக்கும் கொரலே வர்ல."

அவன் பின்னால் நாற்பது பேர் டம்ளரோடு நின்றார்கள். யார் ஜெயித்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.