நடுத்தெருவில் ஒரு வாளி

மிருதுளாவின் முகத்தை எவனோ வேறொருத்தியின் அரைகுறை போட்டோவில் ஒட்டிக் கல்லூரி முழுக்கச் சுற்றவிட்டிருந்தான். அவளுடைய அப்பா, ஜவுளிக்கடை அய்யாத்துரை, பலே வியாபாரி. மகளின் போனைப் பிடுங்கிக் கல்லாவில் பூட்டினார். "பார்க்காம இரு தாயி, தன்னால அடங்கிரும்." கடைப் பையன்கள் சட்டெனத் தங்கள் போன்களைக் கவிழ்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "நம்ம சேலை சாயம் போகுதுன்னு எதிர்க்கடைக்காரன் கிளப்பிவிட்டப்ப, ஷட்டரை இறக்கிட்டா உக்காந்தீங்க? நடுத்தெருவுல வாளித் தண்ணி வச்சு, ஊரைக் கூட்டி முக்கிக் காட்டுனீங்கல்ல?" "சேலை வேற, பொண்ணு வேற." "ஆமாப்பா, சேலையை விக்கணும்ல!" உள்ளே போனவள் அதே வாளியை நிறைத்துத் தூக்கிவந்து நடுத்தெருவில் வைத்தாள். "போட்டோ பார்த்தவங்கல்லாம் வாங்க! என் முகம் சாயம் போகுதான்னு பாருங்க!" என்று கத்தினாள். அய்யாத்துரையின் ஒரு கை கல்லாச் சாவியிலும் மறு கை ஷட்டரிலும் இருந்தது.