ஆடாத தூளி

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. வாசலில் சாமை மூட்டைகளை மூடிய படுதாவின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, சாயங்கால வெயிலைக் கூரைக்குள் அலையலையாக அனுப்புகிறது. செந்தாமரை அதைப் பார்க்காமல் திரும்பி நிற்கிறாள். ராணுவ நர்ஸ் அவள். போர் நடக்கும் கடலில் நிற்கிற ஆஸ்பத்திரிக் கப்பலிலிருந்து நேற்றுதான் லீவில் மலைக்கு வந்தாள். மண் தரையிலும் காலை அகட்டித்தான் நிற்கிறாள். விட்டத்தில் கட்டிய சேலைத் தூளியில் தங்கை நிவேதாவின் குழந்தை அழுகிறது. நிவேதா தூளியை ஒரு வீச்சு ஆட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போகிறாள். தூளி போய்த் திரும்புவதற்குள் செந்தாமரை பாய்ந்து அதை இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்துகிறாள். கயிறு முனகி அடங்குகிறது.

“இன்னாக்கா, புடிச்சிக்கினு நிக்கிற? ஆட்டுனாதான் தூங்குவான்.”

“ஆடக் கூடாது. தையல் பிரிஞ்சிடும்.”

“கொழந்தைக்கு ஏதுக்கா தையலு?”

செந்தாமரை பிடியை விடவில்லை. சேலையை இறுக்கிய விரல்கள் வெளுத்திருக்கின்றன. நிவேதா அருகில் வந்து ஒரு விரலை விலக்கிப் பார்க்கிறாள்; அது மறுபடியும் போய் இறுகிக்கொள்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை. அழுது களைத்த குழந்தைக்கு விசும்பல் மெல்லக் குறைந்து கண்கள் சொக்குகின்றன. செந்தாமரை பதறிக் குனிந்து அதன் கன்னத்தைத் தட்டுகிறாள்.

“தூங்காத தம்பி. இதோ, கரை வந்துடுச்சி. கண்ண மட்டும் மூடாத.”